பாஸ் யாருக்குக் கிடைத்தது? வன்னித் தொழிலாளரும் முடக்ககாலமும்

கேள்வி இது: "கொரோனா காலத்து ஊரடங்கும் பயணத்தடையும் எல்லாருக்கும் பொதுவாகத்தானே வந்தன? பிறகு ஏன் வன்னியில் கூலிவேலைக்காரர்தான் இன்னும் எழும்ப முடியாமல் கிடக்கிறார்கள் என்கிறார்கள்? திரும்ப ஒருமுறை இப்படி வந்தால் ஒரு கிராமச் சங்கத்தால் செய்யக்கூடியது ஏதும் உண்டா?"

தடை பொதுவாகத்தான் வந்தது. தடைக்குக் கொடுத்த விலக்குத்தான், அதாவது வெளியே போகும் பாஸ்தான், பொதுவாக இருக்கவில்லை. விலக்கு எப்போதும் ஒரு கடதாசியைப் பார்த்தே கொடுக்கப்பட்டது: நியமனக் கடிதம், நிறுவன அடையாள அட்டை, கமநல சேவை நிலையப் பதிவு, வாகனப் பதிவு, சங்க அங்கத்துவம். நிவாரணமும் அப்படியே, பட்டியலைப் பார்த்து வந்தது. வேலைக்குக் கடதாசி இல்லாதவர் வெளியே போகவும் முடியவில்லை, உள்ளே இருந்ததற்கு ஈடு வாங்கவும் முடியவில்லை. அந்த இடைவெளியைக் கடன் நிரப்பியது. கட்டுப்பாடு போய்விட்டது, கடன் போகவில்லை. சுருக்கமான பதில் இவ்வளவுதான். மிச்சம் இது எப்படி நடந்தது என்பது.

முதலில் காலக்கணக்கு. 2020 மார்ச் 20 மாலை 6 மணிக்கு இலங்கை முழுவதும் ஊரடங்கு வந்தது. வடக்கில் இருக்கும் வன்னி மாவட்டங்களில் இடையிடையே சில மணிநேரம் தளர்த்தி, ஏப்ரல் 20க்குப் பிறகு பெரும்பாலும் இரவு ஊரடங்காக மாற்றினார்கள். 2020 ஒக்ரோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைத் தொற்றுக் கொத்தணியும், அதைத் தொட்டு பேலியகொடை மீன்சந்தைக் கொத்தணியும் வந்தன. 2021 மே 21 இரவு தொடங்கிய பயணத்தடை, மே 25 ஒரு பகல் திறந்ததைத் தவிர, யூன் 21 அதிகாலை 4 மணிவரை போனது. ஓகஸ்ட் 20 இரவு 10 மணிக்குத் தனிமைப்படுத்தல் ஊரடங்கு போட்டு, ஒக்ரோபர் 1 அதிகாலைதான் எடுத்தார்கள். மாகாணம் விட்டு மாகாணம் போகும் தடை ஒக்ரோபர் முடியும்வரை இருந்தது. இவற்றுக்கு நடுவில், 2021 மே நடுப்பகுதியில், முல்லைத்தீவு, முள்ளியவளை, புதுக்குடியிருப்பு பொலிஸ் பிரிவுகள் தனியாக முடக்கப்பட்டன.

வன்னிக்காரருக்குப் பாஸ் புதிய சாமான் இல்லை. போருக்குள், 2006 ஓகஸ்டில், வன்னிக்குச் சாமான் வரும் பிரதான வீதியான ஏ-9 மூடப்பட்ட காலத்தைக் கண்டவர்கள் "அதையே தாண்டினோம், இது என்ன?" என்று சொன்னதுண்டு. ஆனால் அந்த நெருக்கடியின் அமைப்பு வேறு. அப்போது காசு வைத்திருந்தவருக்கும் கடையில் சாமான் இல்லை. தட்டுப்பாடு ஓரளவுக்கு எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. 2020 இல் சங்கக்கடையில் அரிசி இருந்தது, மா இருந்தது, பருப்பு இருந்தது. வாங்கக் காசு சிலரிடம் மட்டும் இருந்தது. ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டில் மாதச் சம்பளம் வங்கிக்கு வந்துகொண்டிருக்க, அடுத்த வீட்டில் அன்றாடக் கூலி நின்றுபோனது.

பாஸ் எப்படி வேலை செய்தது என்று பார்த்தால் மிச்சம் தானாக விளங்கும். அத்தியாவசியச் சேவை என்ற பட்டியலில் சுகாதாரம், மின்சாரம், வங்கி, உணவு விநியோகம் எல்லாம் இருந்தன. விவசாயமும் மீன்பிடியும் தொடக்கத்திலேயே அனுமதிக்கப்பட்டன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சோதனைச்சாவடியில் நிற்கும் பொலிஸ்காரருக்கு ஒருவர் விவசாயி என்பது எப்படித் தெரியும்? கமநல சேவை நிலையத்தில் பதிந்தவர், உர மானியப் புத்தகம் வைத்திருப்பவர், காணி அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் காட்டலாம். அந்தக் காணியில் களை பிடுங்கப் போகிற பெண்ணிடம் காட்ட ஒன்றும் இல்லை. அவர் எந்தப் பதிவேட்டிலும் விவசாயி இல்லை. தருமபுரத்தில் இருந்து விசுவமடுத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர் இன்று ஒருவரின் கச்சான் காணியில், நாளை இன்னொருவரின் மிளகாய்த் தோட்டத்தில் நிற்பார். எந்த முதலாளி அவருக்குக் கடிதம் கொடுப்பது? ஒருவர் கொடுத்தாலும் அந்த ஒரு காணிக்குத்தான் செல்லும்.

அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தை வைத்து வெளியே விட்ட முறையும் இப்படியே. 2020 மேயில் திங்கள் 1, 2; செவ்வாய் 3, 4 என்று ஒருவருக்கு வெளியே போகக் கிழமையில் ஒரு நாள் வந்தது. 2021 மேயில் ஒற்றைத் திகதிக்கு ஒற்றை இலக்கம், இரட்டைத் திகதிக்கு இரட்டை. இது கணக்கில் நடுநிலையானது. வீட்டுக்குள் வந்ததும் நடுநிலை போய்விடும். கணவன் ஒற்றை, மனைவி இரட்டை என்றால் அந்த வீட்டுக்கு எல்லா நாளும் கடைநாள். இரண்டு பேரும் ஒற்றை என்றால் பாதி நாள். வளர்ந்தவர் ஒருவர் மட்டுமே உள்ள வீட்டுக்கு எப்படிப் பார்த்தாலும் பாதி நாள்தான். போருக்குப் பிறகு பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள் நிறைந்த முல்லைத்தீவு, கிளிநொச்சியில் அப்படியான வீடுகள் எத்தனை என்பதை எந்த விதானையாரும் (கிராம சேவகர்) சொல்வார். வேலைக்குப் போகிறவருக்கு இந்த இலக்கக் கட்டுப்பாடு இல்லை என்றும் ஒரு விலக்கு இருந்தது. அதற்கும் தொழில் வழங்குநரின் கடிதம் வேண்டும். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறோம்.

கடதாசி இல்லாமல் போனவருக்கு என்ன நடந்தது? 2020 வசந்தகால ஊரடங்கில் மட்டும் நாடு முழுவதும் 60,000க்கு மேற்பட்டோர் ஊரடங்கை மீறியதாகக் கைதானார்கள். ஆயிரக்கணக்கில் வாகனங்களும் பிடிபட்டன. 2020 ஒக்ரோபர் நடுப்பகுதியில் தனிமைப்படுத்தல் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் தண்டம் 10,000 ரூபாவரை, சிறை ஆறு மாதம்வரை. மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு கெட்ட நாள். கூலிக்காரருக்கு ஒரு கிழமைக் கூலிக்கு மேல். மோட்டார் சைக்கிள் பொலிஸில் நின்றால் தண்டத்தோடு முடியாது: மேசன்மாருக்கும் பெயின்டர்மாருக்கும் வேலைத்தலத்துக்குப் போகிற கால் அதுதான். பிடிபடுவோம் என்ற பயத்திலேயே பலர் அனுமதி இருந்த நாளிலும் வீட்டில் இருந்துகொண்டார்கள்.

இனித் தொழில்களைப் பார்ப்போம். எல்லாவற்றையும் ஒரே அளவில் சொல்லத் தேவையில்லை. அரச உத்தியோகத்தர், ஆசிரியர், ஓய்வூதியர்: சம்பளம் முழுதாக வந்தது. அவர்களில் விதானையார், சமுர்த்தி (வறியோருக்கான அரச உதவித்திட்டம்) உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர் நோய்க்கு நடுவில் இரவுபகலாக ஓடினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நெல்லில் வேலை செய்கிறவரின் நிலைமையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். "விவசாயம் அனுமதிக்கப்பட்டது, ஆகவே வன்னி தப்பியது" என்ற பேச்சு அங்கேதான் உடைகிறது. முன்பு அருவிவெட்டு, அதாவது நெல் அறுவடை, ஆட்களால் நடந்தது. ஒரு ஏக்கருக்குப் பத்துப் பேருக்கு மேல் ஒரு நாள் முழுக்க நிற்க வேண்டும்; சூடடிக்க வேறு ஆட்கள். கூலியில் ஒரு பங்கு நெல்லாகக் கிடைக்கும். காலபோகம் முடிகிற மாசி பங்குனியில் காணியில்லாத வீட்டிலும் இரண்டு மூன்று மூட்டை நெல் இருக்கும். இப்போது வெட்டுமெசின் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் ஒரு ஏக்கரை முடிக்கிறது. கூலி போனதோடு வீட்டு நெல்லும் போனது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 40 கிலோ அரிசி என்று வைத்தால், குற்றுக்கழிவோடு 60 கிலோவைச் சற்றுத் தாண்டிய நெல், அதாவது ஒரு மூட்டை வேண்டும். 2020 மார்ச் 20 காலபோக அறுவடை ஓய்கிற நேரம். காணிக்காரர் வீட்டில் அறைக்குள் மூட்டை அடுக்கி இருந்தது. ஊரடங்கு இரண்டு மாதம் போனாலும் அடுப்பு எரியும். அந்தக் காணியில் வேலை செய்தவர் அரிசியை 500 கிராம், ஒரு கிலோ என்று கடையில் வாங்குகிறவர். 2021 செப்டெம்பர் கடைசியில் அரிசிக்கான கட்டுப்பாட்டு விலையை அரசாங்கம் நீக்கியபோது விலை ஏறியது. நெல் வைத்திருந்தவருக்கு அது வருமானம். வாங்கித் தின்றவருக்கு, ஆறு கிழமை ஊரடங்கின் முடிவில், இன்னொரு அடி. அதே ஆண்டு மேயில் வந்த இரசாயன உரத்தடை வயலையும் தோட்டத்தையும் சுருக்கியதும் கூலிநாளைத்தான் குறைத்தது. உரம் இல்லாதவன் முதலில் வெட்டும் செலவு ஆட்கூலி.

தோட்டச் செய்கையில் பிரச்சினை வேறு. வவுனியாப் பப்பாசியும் கிளிநொச்சித் தர்ப்பூசணியும் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகிற சாமான். லொறிக்குப் பாஸ் இருந்தது, ஆனால் சந்தை மூடியிருந்தது. பழுத்ததைப் பிடுங்கவே ஆள் விடவில்லை, ஏனென்றால் பிடுங்கும் கூலி விற்கும் விலையை விட அதிகம். பெண்களின் கூலி இங்கே ஆண்களின் கூலியை விடக் குறைவு. ஆனாலும் முதலில் நின்றது பெண்களின் நாள்தான். பிடுங்குதல், தரம்பிரித்தல், களை எடுத்தல் எல்லாம் அவர்கள் கையில் இருந்த வேலை.

கள் இறக்கும் தொழிலாளரைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. பனையில் பாளை சீவுவது தை, மாசியில் தொடங்கி ஆடிவரை போகும். காலையும் மாலையும் மரம் ஏறி, பாளை நுனியில் மெல்லிய ஒரு சீவல் எடுக்க வேண்டும். சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைத்துவிடும். அந்தப் பாளையின் பருவம் அதோடு முடிந்தது. மார்ச் 20 என்பது பருவத்தின் நடு. தவறணைகள் (கள்ளுக்கடைகள்) மூடப்பட்டன. ஆகவே தொழிலாளிக்கு இரண்டு வழி: மரத்தை விட்டு அந்த ஆண்டு வருமானத்தையே இழப்பது, அல்லது தினமும் ஏறி இறங்கி, இறக்கிய கள்ளை நிலத்தில் ஊற்றுவது. கள் ஒரு நாளைத் தாண்டினால் புளித்துப்போகும். சேர்த்து வைக்க முடியாது. முட்டியில் சுண்ணாம்பு பூசிக் கருப்பநீராக இறக்கிப் பனங்கட்டி காய்ச்சலாம் என்று ஆலோசனை சொன்னார்கள். ஒரு கிலோ பனங்கட்டிக்கு எட்டுப் பத்து லீற்றர் கருப்பநீர் வேண்டும், பெரிய தாச்சி வேண்டும், மணிக்கணக்கில் எரிக்க விறகு வேண்டும், கடைசியில் வாங்க ஆள் வேண்டும். தாச்சியும் விறகும் ஒரு நாளில் வருவதில்லை. மரம் ஏறி விழுந்தால் வருகிற ஆபத்து மட்டும் ஊரடங்கிலும் குறையவில்லை.

கடற்கரையில் பங்கு முறையைத் தெரிந்தால்தான் ஏற்றத்தாழ்வு தெரியும். கொக்கிளாய் தொடங்கி முல்லைத்தீவு, மன்னார்வரை, விற்ற காசில் முதலில் எரிபொருள், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழியும். மிச்சம் படகு, இயந்திரம், வலை ஆகியவற்றுக்கும் ஆட்களுக்கும் பிரியும். விகிதம் இடத்துக்கு இடம் வேறு. மீன் விலை பாதியாக விழுந்தால் ஆளின் பங்கும் பாதியாகும் என்று நினைக்கக் கூடாது. செலவு குறையாது; ஆகவே மிச்சம் பாதிக்கும் கீழே போகும், சில நாள் ஒன்றுமே இராது. 2020 ஒக்ரோபரில் பேலியகொடை சந்தை மூடி, மீனில் நோய் வரும் என்ற பயமும் பரவியபோது நடந்தது அதுதான். (முன்னாள் கடற்றொழில் அமைச்சர் ஒருவர் பயத்தைப் போக்கச் செய்தியாளர் முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டியதும் அந்த நவம்பரில்தான்.) கடலுக்குப் போக அனுமதி இருந்தும் போய் நட்டப்படாமல் இருப்பதே இலாபம் என்று படகுகள் கரையில் கிடந்தன. அப்போது ஆள் சம்மாட்டியிடம் (படகு முதலாளி) முற்பணம் வாங்குவார். அடுத்த பருவம் முழுக்க அந்தப் படகிலேயே நிற்க வேண்டும், வேறு படகில் நல்ல பங்கு கிடைத்தாலும் மாற முடியாது.

காமன்ற்ஸ் (ஆடைத் தொழிற்சாலை) வேலை இவை எல்லாவற்றுக்கும் தலைகீழ். வேலைக்குப் போக முடியாதது மற்றவர்களின் பிரச்சினை; இவர்களுக்கு வேலைக்குப் போகாமல் இருக்க முடியாதது பிரச்சினை. 2021 மே, யூன் பயணத்தடையில் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகள் இயங்க அனுமதி இருந்தது. ஊரே கதவைப் பூட்டி இருக்க, விடியற்காலையில் கொம்பனி பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். போகாவிட்டால் வரவுக் கொடுப்பனவு போகும். தொற்று வந்தால் வீட்டு வாசலில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டி, 14 நாள் முழு வீடும் உள்ளே. கூலிக்குப் போகும் தகப்பனின் நாளும் அதோடு போகும். அயலில் "காமன்ற்ஸ் வீடு" என்று ஒதுக்குவதும் நடந்தது.

இங்கேயும் கடதாசி வேலை செய்தது. 2020 மேயில் அரசாங்கம், முதலாளிமார், தொழிற்சங்கங்கள் சேர்ந்த முத்தரப்பு உடன்பாட்டில், வேலை கொடுக்க முடியாத தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளத்தின் அரைவாசி அல்லது 14,500 ரூபா, இதில் எது கூடவோ அதைக் கொடுக்க வேண்டும் என்று முடிவானது. பிறகு நீடிக்கவும் செய்தார்கள். ஒன்றுமில்லாததற்கு இது நல்லதுதான். ஆனால் தையல் இயந்திரத்தில் இருக்கும் பிள்ளையின் கையில் வழமையாக வருவது அடிப்படைச் சம்பளம் மட்டும் இல்லை. மேலதிகநேரம், வரவுக் கொடுப்பனவு, இலக்குக் கொடுப்பனவு எல்லாம் சேர்ந்தே வீட்டுக்கு அனுப்பும் காசு வரும். அடிப்படையின் அரைவாசி என்றால் வழமையில் மூன்றில் ஒன்றளவுக்கும் இறங்கலாம். அதுவும் நேரடி ஊழியருக்கு. கட்டுநாயக்க ஏற்றுமதி வலயத்தில், தொழிற்சாலைகளுக்கு ஆள் கொடுக்கும் மான்பவர் முகவர் மூலம் நாட்சம்பளத்துக்கு நின்ற வன்னிப் பிள்ளைகளைத் தொழிற்சாலை "எங்கள் ஆள் இல்லை" என்றது. முகவரின் தொலைபேசி வேலை செய்யவில்லை. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத இடத்தில், 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்தவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாதபோது, அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் நிறுத்த முடியாது. முகவர்கள் ஆளை இடம் மாற்றிக்கொண்டே இருப்பதற்கு ஒரு காரணம் இந்த 180. ஒரே இடத்தில் நாள் சேர விடமாட்டார்கள்.

நிவாரணம் பற்றி. 2020 ஏப்ரலிலும் மேயிலும் 5,000 ரூபா. 2021 யூனில் மறுபடி 5,000. ஓகஸ்ட் ஊரடங்குக்கு, வேறு உதவி பெறாத குடும்பங்களுக்கு 2,000. நாட்கூலி 1,500, மாதம் 22 நாள் என்று கணக்குக்கு வைத்தால் இழந்தது 33,000. 5,000 என்பது மூன்று நாளும் சொச்சமும். 2,000 ஒன்றரை நாளுக்கும் காணாது. தொகையை விடப் பெரிய பிழை பட்டியலில். சமுர்த்திப் பெயர்ப்பட்டியல், காத்திருப்போர் பட்டியல், முதியோர், மாற்றுத்திறனாளிகள் என்று ஏற்கெனவே பதிந்தவரிடம் காசு விரைவாகப் போனது. பதியாதவர் விண்ணப்பித்துக் காத்திருந்தார். பதியாதவர் யார்? ஒரே வளவில் தாயும் மணம்முடித்த இரண்டு பிள்ளைகளும் மூன்று அடுப்பு வைத்து, ஒரே குடும்ப அட்டையில் இருப்பார்கள்: மூன்று குடும்பத்துக்கு ஒரு 5,000. வாடகை வீட்டில் இருந்து பதிவு வேறு பிரிவில் இருப்பவர், இந்தியாவில் இருந்து திரும்பிப் பத்திரம் முடியாதவர், மேசன் வேலைக்கு வந்து கட்டிடத்திலேயே தங்குகிறவர். 58, 77, 83 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் போன்ற இடங்களில் குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்குக் காணி உறுதி இன்றும் இழுபறி. கிளிநொச்சி, வவுனியாத் தோட்டக் கூலியின் முதுகெலும்பு இவர்கள். பட்டியலில் கடைசி வரியும் இவர்கள்தான். விதானையாரைக் குறைசொல்லி இதை முடித்துவிட முடியாது. இரண்டு மூன்று நாளுக்குள் நூற்றுக்கணக்கான வீட்டுக் கணக்கைக் கேட்டால் அவர் பழைய கோப்பைத்தான் திறப்பார்.

இனிக் கடன், அதாவது ஏற்றத்தாழ்வு நிலைத்துப்போன இடம். முதலில் பெட்டிக்கடைக் கடன் கொப்பி நிறையும். கொப்பிக்கு வாங்குகிறவர் விலை கேட்க மாட்டார், மலிவான கடைக்கும் மாற மாட்டார். பிறகு தோடு, சங்கிலி அடைவுக்குப் போகும். அதன் பிறகு ஆடு, தண்ணீர்ப் பம்பி, தையல் மெசின், அதாவது உழைக்கிற சாமான். எல்லாரும் ஒரே மாதத்தில் விற்க வந்தால் விலை விழும். வாங்கியவர்கள் சம்பளக்காரரும் வெளிநாட்டுக் காசு வருபவர்களும். சொத்து ஒரு வீட்டில் இருந்து அடுத்த வீட்டுக்கு இப்படித்தான் கைமாறியது.

கிழமைத் தவணைக் குழுக்கடனுக்கும் ஓட்டோ லீசிங்குக்கும் சலுகைக்காலம் அறிவிக்கப்பட்டபோது பலர் அதைத் தள்ளுபடி என்று நினைத்தார்கள். தவணைதான் நின்றது, வட்டி ஓடிக்கொண்டிருந்தது. நுண்கடனுக்கு 2018 முதல் இருந்த உச்சவரம்பு ஆண்டுக்கு 35 வீதம். மீதி 50,000 ரூபாவுக்கு அந்த வீதத்தில் ஆறு மாத வட்டி 8,750. ஊரடங்கு முடிந்து வேலைக்குப் போனவர் முதல் ஆறு நாள் கூலியை அந்த வட்டிக்கே கொடுக்கிறார், கடன் முதல் அப்படியே நிற்கிறது. குழுக்கடனில் ஒருவர் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆகவே பெண்கள் ஒரு கடனை அடைக்க இன்னொன்று எடுத்தார்கள். 2018 இல் வரட்சி மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம்வரையான நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்ய வேண்டி வந்ததே, நோய்க்கு முன்பே நிலைமை எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி.

கிராமச் சங்கம் செய்யக்கூடியது என்ன? அரசாங்கக் கொள்கையை மாற்றும் வேலையை விட்டுவிட்டு, கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் பெரும்பாலும் ஐயாயிரம் ரூபாச் செலவுக்குள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

முதல் வேலை அடுப்புக் கணக்கு. குடும்ப அட்டையை எண்ணாமல் அடுப்பை எண்ணி ஒரு பதிவேடு. ஒவ்வொரு அடுப்புக்கும்: ஆட்கள், கூலிக்குப் போகிறவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், என்ன வேலை, வழமையாகப் போகும் கிராமங்கள், போகும் வீதி, மோட்டார் சைக்கிள் இலக்கம், நிவாரணம் ஏதும் வருகிறதா, காணிப் பத்திர நிலை. மூன்று பிரதி: ஒன்று சங்கத்தில், ஒன்று விதானையாரிடம், ஒன்று பிரதேச செயலகத்தில். கொடுக்கும்போது உங்கள் பிரதியில் திகதியும் கையொப்பமும் றப்பர் முத்திரையும் வாங்குங்கள். முத்திரை இல்லாத பிரதியைக் காட்டிப் பிறகு வாதாட முடியாது. அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசியும் உள்ள பதிவேடு என்பதால் அதை வைபரில் போட்டுவிடக் கூடாது.

அடுத்தது வேலைக் கடிதம். ஒரு முதலாளி இல்லாதவருக்குச் சங்கமே கடிதம் கொடுக்கலாம். விதானையார் மேலொப்பம் இடுவார். பாஸ் கடிதம் சோதனைச்சாவடியில் தோற்கும் காரணங்கள் எப்போதும் அவையே: "விவசாய வேலை" என்று மட்டும் எழுதி எந்த ஊர், எந்தப் பாதை என்று எழுதாதது; தொடங்கும், முடியும் திகதி இல்லாதது; அடையாள அட்டை இலக்கத்தில் ஒரு இலக்கம் பிழைத்தது; கொடுத்தவரின் தொலைபேசி எடுபடாதது; தமிழில் மட்டும் எழுதியது. கடைசியானது முக்கியம். இரட்டைப்பெரியகுளம் பக்கமோ வெலிஓயாப் பக்கமோ சோதனைச்சாவடியில் நிற்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். சிங்களத்திலும் அதே கடிதம் பின்பக்கத்தில் இருக்கட்டும். பத்துப் பேர் ஒரே தோட்டத்துக்குப் போனால் பத்துக் கடிதத்தை விட, பெயர்ப்பட்டியல் இணைத்த ஒரு கடிதமும் பொலிஸ் நிலையத்துக்கு முன்கூட்டியே ஒரு பிரதியும் நன்றாக வேலை செய்யும்.

பட்டியலில் விடுபட்டவருக்கு வாய்முறைப்பாடு பயனில்லை. பிரதேச செயலருக்கு எழுத்தில் முறையீடு, அதோடு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் "இந்தப் பிரிவில் கொடுப்பனவுக்கான தகுதி என்ன, எத்தனை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, காரணம் என்ன" என்று ஒரு விண்ணப்பம். கொடுக்க முடியுமா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாளுக்குள் சொல்ல வேண்டும். கோபமாக எழுதிய நாலு பக்கத்தை விட இந்த மூன்று கேள்வி கூட வேலை செய்யும்.

காமன்ற்ஸ் பிள்ளைகள் உள்ள வீடுகள் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து வைக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடம் 8 வீதம், முதலாளி 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம். நாட்சம்பளக்காரருக்கும் இது முதல் நாளிலிருந்து உரியது. சீட்டில் 8 வெட்டியிருந்தும் நிதியில் வரவில்லை என்றால் தொழில் அலுவலகத்தில் முறையிட அந்தச் சீட்டே ஆதாரம். மான்பவரில் போகிறவர் எந்தத் தொழிற்சாலையில் எத்தனை நாள் நின்றார் என்பதை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதட்டும், கடவைச் சீட்டைப் படம் எடுத்து வைக்கட்டும்.

கடன் சலுகை வந்தால் கையொப்பமிட முன் மூன்று விடயம் எழுத்தில் கேளுங்கள்: சலுகைக்கால வட்டி முதலோடு சேருமா, தவணைத்தொகை கூடுமா அல்லது மாதங்கள் கூடுமா, புதிய தவணை அட்டவணை எங்கே. இருக்கிற காசில் கட்ட முடிந்தவர் சலுகையை எடுக்காமல் விடுவதே மலிவு.

நெல் சேமிப்பு கொஞ்சம் பெரிய வேலை, ஆனால் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் அடுப்பைக் காக்கும். 2020 உத்தரவாத விலை கிலோ 50 ரூபாவில் 65 கிலோ மூட்டை 3,250 ரூபா. கூலிக் குடும்பம் 50க்குத் தலா ஒரு மூட்டை என்றால் அப்போது 162,500 போதும். இன்றைய விலைக்கு நீங்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வாங்குவது மாசி, பங்குனியில், களத்தில் விலை விழுந்து கிடக்கும்போது. ஈரம் 14 வீதத்துக்கு மேல் இருந்தால் மூட்டை உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும்; நன்றாகக் காயவிட்டு, சீமெந்து நிலத்தில் நேரே வைக்காமல் மரச்சட்டத்தில், சுவரில் முட்டாமல் அடுக்க வேண்டும். சங்கங்கள் வழுக்குவது நெல் வாங்குவதில் இல்லை, மாற்றுவதில்தான்: ஆடி, ஆவணியில் பழைய நெல்லை அங்கத்தவருக்கு அடக்கவிலைக்குக் கொடுத்து, அந்தக் காசைத் தொடாமல் வைத்து, சிறுபோக அறுவடையில் புது நெல் எடுக்க வேண்டும். அந்தக் காசைத் திருவிழாவுக்குக் கைமாற்றாகக் கொடுத்த சங்கத்துக்கு அடுத்த முடக்கத்தில் மரச்சட்டம் மட்டும்தான் மிஞ்சும். அடுப்புப் பதிவேட்டையும் அதே ஆவணியில், நெல் கொடுக்கும் நாளிலேயே, திருத்தினால் தனியாகக் கூட்டம் வைக்கத் தேவையில்லை.